கடன் இல்லை, கலப்படமும் இல்லை

நல்ல சரக்கு வேண்டும், பட்ஜெட்டும் இடிக்கக் கூடாது. உங்கள் கவலை இதுதானே? 1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் நெசவாளர்களுக்கும் இதேதான். அந்நாளில் கடை மாவில் படிகாரம் கலப்பது சகஜம்; எடையிலும் ஏமாற்று. 28 பேர் வாரம் சில பென்ஸ் சேர்த்து, 28 பவுண்டு முதலில் டிசம்பர் 21 மாலை தங்கள் கடையைத் திறந்தார்கள். வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ், கொஞ்சம் மெழுகுவத்தி. சரக்கு அவ்வளவுதான்! கடன் கிடையாது. விலையைக் குறைத்து ஆள் பிடிக்கவுமில்லை. சந்தை விலைக்கே விற்று, லாபத்தை அவரவர் வாங்கிய அளவுப்படி உறுப்பினர்களுக்கே பிரித்தார்கள். கெட்டிக்காரத்தனம் அதில்தான் இருக்கிறது. 1904இல் நம் திருவல்லிக்கேணியிலும் கூட்டுறவுப் பண்டகசாலை வந்தது. டியூசிஎஸ் என்றால் சென்னைக்காரர்களுக்குத் தெரியும். இந்த மாதப் பருப்பு விலையை அங்கேயும் ஒருமுறை கேட்டுப் பாருங்களேன்.