அப்பத்தாவின் நிறம்: கறுப்பு வெள்ளை குறித்துச் சில குறிப்புகள்

2005 சித்திரையில், சட்டைப் பைக்குள் அடங்கிவிடும் டிஜிட்டல் கேமரா ஒன்றோடு ஊருக்குப் போயிருந்தேன். 40 லட்சம் பிக்சல். அப்பத்தாவைத் திண்ணையில் உட்காரவைத்து ஒரு படம் எடுத்தேன். வெள்ளைச் சேலை, பின்னால் புதுசாய்ச் சுண்ணாம்பு அடித்த சுவர். எடுத்த கையோடு திரையில் காட்டினேன்.

"என்னப்பா, கரிக்கட்டையாட்டம் இருக்கேன். இத அழிச்சுரு" என்றது அப்பத்தா. உள்ளே மாட்டியிருந்த பழைய ஸ்டுடியோ படத்தைக் கைகாட்டி, "அந்த மாதிரி எடு" என்றது.

மெனுவில் கறுப்பு வெள்ளையைத் தேர்ந்து இன்னொன்று எடுத்தேன். பார்த்துவிட்டு, "இது சரி" என்றது. முதல் படத்தை அழித்தேன். அந்தச் 'சரி'க்குள் என்ன இருந்தது என்பதுதான் இந்தக் குறிப்புகளின் கேள்வி.

*

கறுப்பு வெள்ளை பழசு, வண்ணம் அதன் வளர்ச்சி என்று ஒரு நேர்கோட்டு வரலாறு நம் எல்லோரிடமும் இருக்கிறது. தொழில்நுட்பம் அந்தக் கோட்டில் நடக்கவில்லை. 1861இல் மாக்ஸ்வெல் லண்டனில் காட்டிய வண்ணப்படம் உண்மையில் மூன்று கறுப்பு வெள்ளைப் படங்கள். ஒரே ரிப்பனைச் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் வழியே தனித்தனியாக எடுத்து, அதே நிறங்களின் வழியே ஒன்றன்மேல் ஒன்றாகத் திரையில் பாய்ச்சினார்கள். 1907இல் லூமியேர் சகோதரர்கள் விற்பனைக்குக் கொண்டுவந்த ஆட்டோகுரோம் தகட்டில், சாயம் ஏற்றிய உருளைக்கிழங்கு மாவுத் துகள்கள் மூன்று நிறங்களில் பரப்பப்பட்டிருந்தன. அவற்றுக்குப் பின்னால் இருந்தது சாதாரணக் கறுப்பு வெள்ளைப் பூச்சுதான்.

டிஜிட்டலும் இப்படித்தான். 1975 டிசம்பரில் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் உருவாக்கிய கேமரா 100க்கு 100, அதாவது 10,000 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்தது. அதை ஒரு கேசட் நாடாவில் பதிய 23 விநாடிகள் ஆயின. அதே நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பு, நான்கு ஒளியணுக்களில் இரண்டுக்குப் பச்சை, ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்கு நீலம் என்று நிற மூடிகளைப் போட்டது. என் கையிலிருந்த கேமரா வகைகளில் பெரும்பாலானவை இந்த அமைப்பின் வாரிசுகள். மூடிக்கு அடியில் இருக்கும் சிலிக்கானுக்கு நிறம் தெரியாது. எவ்வளவு வெளிச்சம் விழுந்தது என்பது மட்டும் தெரியும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 40 லட்சம் பிக்சலுக்கும் மூன்று நிற எண்கள் வேண்டும். மொத்தம் 1 கோடியே 20 லட்சம். கேமரா அளப்பது 40 லட்சம். மீதி 80 லட்சமும் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துப் போடும் ஊகம். வண்ணம் என்பது அசல் படத்தின்மேல் பின்னால் பூசிய ஒப்பனையாகத் தனக்குத் தோன்றுவதாக ரோலான் பார்த் 1980இல் எழுதினார். அவர் சொன்னது ரசனை பற்றி. டிஜிட்டலில் அது ஏறக்குறைய பொறியியல் விவரணையாகிவிட்டது.

*

ஊகம் என்றால், யாரை அளவுகோலாக வைத்த ஊகம்? 1950களிலிருந்து கோடாக், பிரிண்ட் போடும் லேப்களுக்கு ஒரு வெள்ளைப் பெண்ணின் படம் அச்சிட்ட அட்டையை அனுப்பிவந்தது. முதல் மாடலின் பெயரால் அதற்கு 'ஷெர்லி' என்றே பெயர் நிலைத்தது. அவள் தோல் சரியாக வந்தால் படம் சரி. கறுப்பர்களின் மனக்குறையைவிட, சாக்லேட்டின் பழுப்பும் மரச்சாமானின் பழுப்பும் சரியாக வரவில்லை என்ற விளம்பரக்காரர்களின் புகார்தான் அந்த நிறுவனத்தை அசைத்தது என்பதை லோர்னா ராத் 2009இல் எழுதிய ஆய்வு எடுத்துக்காட்டுகிறது. 'இயல்பு' என்ற பெயரில் அதிகாரம் எங்கெல்லாம் போய் உட்கார்ந்துகொள்கிறது பாருங்கள்.

என் கேமராவுக்குள் ஷெர்லி இல்லை. ஆனால் சராசரி இருந்தது. எதிரில் உள்ளதெல்லாம் சேர்ந்து ஒரு நடுத்தரச் சாம்பலாக இருக்கும் என்று நம்பித்தான் ஒளிமானி வெளிச்சத்தைத் தீர்மானிக்கிறது. வெள்ளைச் சேலை, வெள்ளைச் சுவர்: 'வெளிச்சம் அதிகம்' என்று அது குறைத்தது. குறைத்ததில் முகம் முங்கிப்போனது. அப்பத்தா திரையில் பார்த்த கரி அப்பத்தாவின் கறுப்பே அல்ல.

சரி, இரண்டாவது படம்? ஒளிமானி அதேதான், சுவர் அதேதான். முகம் இம்மியும் வெளுக்கவில்லை. மாறியது வாசிப்பு. வண்ணத்தில் இருட்டு என்றால் தோல். கறுப்பு வெள்ளையில் அதே இருட்டு நிழல். எல்லோரும் சாம்பலாகிவிட்ட இடத்தில் 'நிறம்' என்ற கேள்வியே எழாது. நகரத்துக் கண்காட்சிகளில் கலையாகவும் ஏக்கமாகவும் தொங்குகிற கறுப்பு வெள்ளை, அப்பத்தாவுக்கு ஒரு மறைவிடம். கல்யாணத்துக்குக் காட்ட எடுத்த அந்த ஸ்டுடியோ படத்தில், நெகட்டிவின் மேல் பென்சிலால் தீற்றி முகத்தை வெளுப்பாக்கியிருந்தார்கள். தன் முகம் படத்தில் எப்படி இருக்க வேண்டும் என்பதை அதற்குக் கற்றுக்கொடுத்தது அந்தப் பென்சில். இதை வெறும் அடிமை மனம் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசில்லை. பெண் பார்க்க வந்தவர்களின் கண்ணுக்கு முன்னால் உட்கார்ந்தது நான் இல்லையே.

*

ஊட்டியில் பொதுத்துறை ஆலை தயாரித்த 'இந்து' ஃபிலிமைப் போட்டுப் படமெடுத்த காலத்தில், ரோலை மாட்டும்போதே கறுப்பு வெள்ளை என்பது தீர்மானமாகிவிடும். டிஜிட்டலில் படத்துக்குப் படம் மாற்றலாம். அதனால் சுதந்திரம் என்று நினைக்கிறோம். அந்தச் சின்னக் கேமரா வண்ணத்தைக் கணக்கிட்டு முடித்தபின்தான் அதைத் துறக்கிறது. சிவப்பில் 0.299, பச்சையில் 0.587, நீலத்தில் 0.114 பங்கு என்று, தொலைக்காட்சிக்காக வகுத்து ஜேபெக் கோப்புகளில் இன்றும் வழங்கும் சூத்திரம் மாதிரி ஒன்றால் மூன்றையும் ஒற்றை எண்ணாக்கி, அதை மட்டும் சேமிக்கிறது. அந்த ஒற்றை எண்ணிலிருந்து மூன்றுக்குத் திரும்ப வழியில்லை.

2011இல் அப்பத்தா போய்ச் சேர்ந்தது. மாலை போட்டு வைக்கப் படம் வேண்டும். என்னிடம் இருந்தது அந்த ஒன்றுதான். கடைப் பையன் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்துவிட்டு, "கலர்ல இல்லையாண்ணே? பரவால்ல, நான் போட்டுர்றேன்" என்றான். போட்டான். மாநிறத்துக்கும் ஒரு படி மேலே. வீட்டில் ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. "எங்கம்மா நல்ல கலராத்தான இருந்துச்சு" என்றது அத்தை.

பையனைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அழிக்கும் பொத்தானை அமுக்கியவன் நான். அந்தக் கேமராவிலேயே கூட்டல் கழித்தல் குறிபோட்ட ஒரு பொத்தான் இருந்தது. வெள்ளைச் சுவருக்கு முன்னால் அதில் ஒரு படி கூட்டியிருந்தால் போதும். அப்பத்தாவின் கறுப்பு, வெயில் பட்டு மினுங்குகிற கறுப்பாகவே வந்திருக்கும். அதைப் பார்த்திருந்தால் அப்பத்தா என்ன சொல்லியிருக்கும்? அப்போதும் அழிக்கத்தான் சொல்லியிருக்குமோ என்னவோ. கேட்டுப் பார்த்திருக்கலாம்.