நிபந்தனைக்குட்பட்ட சட்டப் பாதுகாப்பு (அமெரிக்கா)

குடிமக்களின் அரசியலமைப்பு உரிமையை மீறியதாகத் தொடரப்படும் இழப்பீட்டு வழக்குகளில் காவலர் உள்ளிட்ட அரசு அலுவலர்களைக் காக்கும் நீதிமன்றக் கோட்பாடு. இத்தகைய வழக்குகளுக்கு வழிசெய்த 1871ஆம் ஆண்டுச் சட்டத்தில் இப்பாதுகாப்பு இடம்பெறவில்லை.

மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் பேருந்து நிலையத்தில், வெள்ளையருக்கென ஒதுக்கப்பட்ட காத்திருப்பு அறைக்குள் நுழைந்த பாதிரியார்கள் 1961இல் கைதாயினர். அவர்கள் தொடுத்த பியர்சன் எதிர் ரே வழக்கில் (1967), நல்லெண்ணத்துடனும் தக்க காரணத்துடனும் கைது செய்த காவலர் இழப்பீடு தர வேண்டியதில்லை என உச்ச நீதிமன்றம் கூறியது. ஹார்லோ எதிர் ஃபிட்ஸ்ஜெரால்டு (1982) தீர்ப்பு அலுவலரின் எண்ணத்தை விடுத்து, மீறப்பட்ட உரிமை சம்பவத்தின்போதே ‘தெளிவாக நிலைநாட்டப்பட்டிருந்ததா’ என்பதை அளவுகோலாக்கியது. ஆகவே, நெருங்கி ஒத்த முன்தீர்ப்பைக் காட்ட முடியாத வழக்குகள் பெரும்பாலும் தள்ளுபடியாகின்றன.

குற்றவியல் வழக்குகளுக்கும் நகராட்சிகளுக்கும் இது பொருந்தாது. மாநில அரசியலமைப்பு உரிமைகள் குறித்துக் காவலர்மீது தொடரப்படும் வழக்குகளில் கொலராடோ 2020இல் இதை நீக்கியது.