ஃப்ரிட்ஜ் இருந்தது எங்கோ... ஓட்டை விழுந்தது அண்டார்டிகாவில்! ஓசோன் படலம் கரைவது எப்படி?

ஒவ்வொரு ஆண்டும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அண்டார்டிகாவின் மேல் ஓசோன் ஓட்டை பெரிதாகிறது. இத்தனைக்கும் அங்கே தொழிற்சாலையும் கிடையாது, ஊர் நிறைய ஏசியும் கிடையாது. பிறகு எப்படி ஓட்டை? அதனால் யாருக்குப் பாதிப்பு? பார்க்கலாம்.

ஓசோன் ஓட்டைன்னா என்ன?

தரையிலிருந்து சுமார் 15 முதல் 35 கி.மீ. உயரத்தில் ஓசோன் வாயு அதிகமாக இருக்கிறது. சூரியனின் ஆபத்தான புற ஊதாக் கதிர்களில் பெரும்பகுதியை இதுதான் வடிகட்டுகிறது. ஓட்டை என்றதும் துணியில் விழுந்த கிழிசல் மாதிரி நினைக்க வேண்டாம். ஓசோன் மிகவும் மெலிந்துபோன பகுதிக்குத்தான் அந்தப் பெயர். உலக சராசரி சுமார் 300 டாப்சன் அலகு. 220-க்குக் கீழே போனால் அது ஓட்டை.

கண்டுபிடித்தது யார்?

ஃப்ரிட்ஜ், ஏசி, ஸ்பிரே கேன்களில் பயன்பட்ட குளோரோ ஃபுளோரோ கார்பன் வாயுக்கள் ஓசோனை அழிக்கும் என்று 1974-லேயே மரியோ மொலினா, ஷெர்வுட் ரோலண்ட் இருவரும் எச்சரித்தனர். 1985-ல் ஜோ ஃபார்மன் உள்ளிட்ட மூன்று பிரிட்டன் ஆய்வாளர்கள், அண்டார்டிகாவில் ஓசோன் கடுமையாகக் குறைந்துவிட்டதை அளந்து காட்டினர்.

அண்டார்டிகாவில் ஏன்?

எந்த நாட்டில் வெளியேறினாலும் இந்த வாயுக்கள் சில ஆண்டுகளில் உலகம் முழுக்கப் பரவிவிடும். ஆனால் அண்டார்டிகாவின் குளிர்காலத்தில் மேல் வளிமண்டலம் மைனஸ் 78 டிகிரிக்கும் கீழே உறைந்து, அங்கே பனி மேகங்கள் உருவாகின்றன. அந்தப் பனித்துகள்களின் மேல்தான் குளோரின் வீரியம் பெறுகிறது. செப்டம்பரில் வெயில் திரும்பியதும் வேலையைத் தொடங்கிவிடும். ஒரே ஒரு குளோரின் அணு ஆயிரக்கணக்கான ஓசோன் மூலக்கூறுகளை உடைத்துவிடும்.

உயிர்களுக்கு என்ன பாதிப்பு?

ஓசோன் குறைந்தால் 'யூவி-பி' கதிர்கள் கூடுதலாகத் தரைக்கு வரும். மனிதர்களுக்குத் தோல் புற்றுநோய், கண்புரை ஆபத்து அதிகரிக்கும். சிலியின் தென்கோடியில் உள்ள புன்டா அரீனஸ் நகரத்தின் மேலேயே சில நாட்களில் ஓட்டையின் விளிம்பு வந்து நிற்பது உண்டு.

கடலும் தப்பவில்லை. 1990-ல் அண்டார்டிகாவின் பனி விளிம்புக் கடலில் நடந்த ஆய்வில், ஓட்டைக்குக் கீழே நுண்பாசிகளின் உணவு உற்பத்தி குறைந்தபட்சம் 6 முதல் 12 சதவீதம் சரிந்தது தெரியவந்தது. அந்தப் பாசியைத் தின்றுதான் கிரில் இறால்கள் வாழ்கின்றன. கிரில்லை நம்பித்தான் பெங்குவினும் திமிங்கலமும் இருக்கின்றன.

தடை போட்டும் ஏன் மூடவில்லை?

1987 செப்டம்பர் 16-ல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. இந்தியா 1992-ல் இணைந்தது. உற்பத்தி படிப்படியாக நின்றுவிட்டது. ஆனால் ஏற்கெனவே வெளியேறிய வாயு உடனே போய்விடாது. ஃப்ரிட்ஜ்களில் அதிகம் பயன்பட்ட சிஎஃப்சி-12 காற்றில் சுமார் 100 ஆண்டுகள் தங்கும்.

இப்போதைய விதிகள் தொடர்ந்தால், அண்டார்டிகாவின் மேல் ஓசோன் சுமார் 2066-ல் 1980-ம் ஆண்டு நிலைக்குத் திரும்பும் என்பது ஐ.நா. ஆதரவுடன் 2022-ல் முடிந்த மதிப்பீடு. அதாவது, தாத்தா காலத்து ஃப்ரிட்ஜ் செய்த சேதம் ஆற, பேரன் காலம் வரை காத்திருக்க வேண்டும்!