சாரி கார்டு

பிள்ளையார்பாளையத்தில் என் கல்லூரி நண்பனின் வீட்டுக்கு முன்னால் ஒரு பழைய புல்லட் நிற்கிறது. எண்பதுகளில் திருவொற்றியூரில் செய்த வண்டி. வலது காலில் கியர், இடது காலில் பிரேக். அவன் அப்பா நெசவாளர். நெய்து முடித்த புடவைகளைத் துணிப்பையில் கட்டி, டேங்க் மேல் வைத்துக்கொண்டு இந்த வண்டியில்தான் முதலாளி வீட்டுக்குப் போவார். நாலு வருஷம் முன்பு நண்பன் அதை கஃபே ரேசராக மாற்றினான். அலுமினியத் தகட்டை அடித்து வளைத்துச் செய்த நீள டேங்க், ஹெட்லைட்டைச் சுற்றி ஃபைபரில் ஒரு ஃபேரிங் (பட்டறையில் இதுக்குப் பேரு டூம்), கீழே இறக்கிய ஹேண்டில் பார், பின்னால் திமில் வைத்த ஒற்றை சீட்டு.

வண்டி பட்டறையிலிருந்து வந்த அன்று நானும் இருந்தேன். அப்பா தறிக்குழியிலிருந்து எழுந்து வந்து சுற்றிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. டேங்க்கு ஏன்டா இவ்ளோ நீளம்?" என்று கேட்டார். நண்பன், "ஸ்டைலுப்பா" என்றான். அவர் எதுவும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

அவருக்கு அந்தப் பதில் போதாது என்று எனக்குப் பட்டது. கோர்வை போட்டு நெய்கிறவர் அவர். காஞ்சிப் பட்டில் உடலும் கரையும் வேறு வேறு நிறம். ஒரே நாடாவை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை ஓட்டினால் உடலின் ஊடை நிறம் கரையிலும் கலந்து மங்கிவிடும். அதனால் மூன்று நாடா வைத்து, கரைக்குத் தனி ஊடை ஓட்டி, இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒன்றோடொன்று கோர்க்கிறார்கள். பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும், வேலை இழுக்கும். இப்போது ஆள் கிடைக்காமல் பல தறிகளில் கோர்வையையே விட்டுவிட்டார்கள். ஆனால் அந்தக் கோர்வை ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்டால் அவரிடம் பதில் இருக்கிறது. அதே போன்ற ஒரு பதிலைத்தான் டேங்கிடமும் எதிர்பார்த்தார்.

பதில் இருக்கத்தான் செய்கிறது. அதற்கு மான் தீவுக்குப் போக வேண்டும். இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே கடலில் இருக்கும் அந்தத் தீவில், சாதாரண சாலைகளை மூடிவிட்டு பைக் ரேஸ் நடத்துவார்கள். ஒரு சுற்று சுமார் 60 கிலோமீட்டர், அதைப் பல முறை சுற்ற வேண்டும். பெட்ரோல் நிறைய தேவை, அதனால் பெரிய டேங்க். ஓட்டுபவர் காற்றுக்கு அடியில் படுத்துக்கொண்டு ஓட்டியாக வேண்டும், அதனால் நீளம். முழங்கால் உள்ளே அடங்க இரண்டு பக்கமும் குழி. எடை குறைய அலுமினியம். நார்ட்டன் மேங்ஸ் என்ற ரேஸ் வண்டியின் டேங்கை நெற்றியில் ஒற்றிக்கொள்ளாத கஃபே ரேசர் ஆள் உலகத்தில் கிடையாது. அதன் ஒவ்வொரு வளைவும் இப்படித்தான் வந்தது.

ஃபேரிங்கின் கதை இன்னும் சுவாரஸ்யம். ஐம்பதுகளில் ரேஸ் வண்டிகளின் முன்சக்கரத்தையும் சேர்த்து மூடி, குப்பைத்தொட்டியைக் கவிழ்த்த மாதிரி ஒரு கூடு போட்டார்கள். பெயரே டஸ்ட்பின் ஃபேரிங். வேகம் கூடியது. ஆனால் பக்கவாட்டில் காற்று அடித்தால் அந்தக் கூடு பாய்மரமாகி வண்டியைத் தள்ளிவிடும். 1957இல் பாப் மெக்கின்டைர் மான் தீவில் முதல்முறையாக ஒரு சுற்றை மணிக்கு 100 மைலுக்கு மேல் சராசரியில் முடித்தார். அதே வருட முடிவில் சர்வதேச சம்மேளனம் முன்சக்கரத்தை மூடும் ஃபேரிங்கைத் தடை செய்தது. சக்கரத்தை வெளியே விட்டு மிச்சத்தை மட்டும் மூடும் வடிவம் அதன் பிறகுதான் நிலைபெற்றது. இன்று 'விண்டேஜ் ரேசர் லுக்' என்று காசு கொடுத்து வாங்குவது பெரும்பாலும் இந்தத் தடைக்குப் பிந்தைய வடிவத்தை.

லண்டனின் வட்டச்சாலையில் ஏஸ் கஃபே என்று ஒரு கடை. 1938இல் லாரிக்காரர்களுக்காகத் திறந்தது. போருக்குப் பிறகு கையில் கொஞ்சம் சம்பளம் வந்த தொழிலாளர் வீட்டுப் பையன்கள் அங்கே கூடினார்கள். ரேஸ் வண்டி வாங்கக் காசு இல்லை, எனவே இருக்கிற வண்டியை ரேஸ் வண்டி மாதிரி ஆக்கினார்கள். நார்ட்டன் சட்டத்தில் ட்ரையம்ஃப் எஞ்சினை மாட்டி ட்ரைட்டன் என்று பெயர் வைத்தார்கள். இலக்கு அதே 100 மைல். பின்னால் யாரையும் ஏற்றுவதாக உத்தேசம் இல்லை, எனவே ஒற்றை சீட்டு. 1965இல் ராயல் என்ஃபீல்டு இதைக் கம்பெனி வண்டியாகவே செய்து விற்றது. கான்டினென்டல் ஜிடி, சிவப்பு ஃபைபர் டேங்க், 250 சிசி. பழகுநர் உரிமத்துக்கு அங்கே 250தான் உச்சம், அதனால் அந்த அளவு.

1970 வாக்கில் அந்தக் கம்பெனி இங்கிலாந்தில் மூடப்பட்டது. அதன் இந்தியக் கிளை 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து தொடங்கி, திருவொற்றியூரில் புல்லட் செய்துகொண்டிருந்தது. தாய் செத்தும் பிள்ளை பிழைத்துக்கொண்டது. 2013இல் ஒரகடத்தில் புதிய தொழிற்சாலை வந்தது. அதே வருடம் கான்டினென்டல் ஜிடி என்ற பெயரும் அந்த நீள டேங்கும் திரும்பி வந்தன. காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் வழியாகப் போனால் ஒரு மணி நேரம். லண்டன் பையன்களின் வடிவத்தை உலகம் முழுவதுக்கும் ஏற்றுமதி செய்யும் இடம் இப்போது காஞ்சிபுரம் மாவட்டம். பிள்ளையார்பாளையத்துப் பட்டறையில் அதை நகல் எடுக்கிறார்கள் என்று எப்படிச் சொல்வது?

நமக்கென்று ரேஸ் கிடையாதா என்றால், இருந்தது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க்கால விமான ஓடுபாதை ஒன்று. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல பத்தாண்டுகள் ரேஸ் நடத்தியது. இறக்குமதிக் கெடுபிடிக் காலம். புல்லட், ஜாவா, யெஸ்டி, பிற்பாடு ஆர்டி 350 என்று தெருவில் ஓடும் வண்டிகளிலிருந்து வேண்டாததைக் கழற்றி ஓட்டினார்கள். 1990இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் நிஜமான ரேஸ் டிராக் வந்தது. ஆக நம்மூர் ரேசரின் அடையாளம் கூட்டியதில் இருந்ததை விடக் கழற்றியதில் இருந்தது. மட்கார்டு, லைட்டு, கேரியர். அப்புறம் சாரி கார்டு.

இந்தக் கடைசிப் பொருளைப் பற்றி எந்த மோட்டார் சைக்கிள் வரலாற்றிலும் நான் ஒரு அத்தியாயம் பார்த்ததில்லை. பின்சக்கரத்தின் இடது பக்கம் மாட்டிய இரும்புக் கம்பிச் சட்டகம். இடது பக்கம் ஏன் என்றால், புடவை கட்டியவர்கள் ஒரு பக்கமாக, இடப்புறம் கால் தொங்கவிட்டு உட்காருவார்கள். முந்தானை சக்கரத்தில் சிக்கினால் உயிர் போகும். 1989ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி, பின்னால் உட்காருபவரின் உடை சிக்காதபடி சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைப்பு வேண்டும் என்கிறது. ஏற்றுமதி வண்டிகளில் இது இருக்காது. டேங்க், ஃபேரிங், சீட்டு எல்லாம் வேறு ஊர்ச் சாலைகளின் தேவையில் பிறந்தவை. இது ஒன்றுதான் நம் பெண்கள் உட்கார்ந்த விதத்தால் பிறந்தது. பட்டுப் புடவைக்குப் பேர்போன ஊரில், வண்டியை அழகாக்க வேண்டும் என்றதும் முதல் ஸ்பேனர் அதில்தான் விழுகிறது. நண்பனும் முதலில் அதைத்தான் கழற்றினான். பார்க்க அசிங்கம்தான், நானும் தலையாட்டினேன்.

சட்டம் இதையெல்லாம் ரசிப்பதில்லை. கம்பெனி கொடுத்த வடிவத்திலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்னது. அதே வருடம் திருத்திய சட்டத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. கடந்த வருடம் நண்பனுக்கு ஆர்.சி. புதுப்பிக்க வேண்டி வந்தது. வண்டியைப் பழையபடி ஆக்கி ஆய்வாளரிடம் காட்டியாக வேண்டும். அவன் முகம் தொங்கிப்போனது. பழைய டேங்கைக் காயலான் கடையில் போட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தான்.

அப்பா பரணில் ஏறி ஒரு சாக்கு மூட்டையை இறக்கினார். டேங்க், நீள சீட்டு, ஹேண்டில் பார், எண்ணெய் துணியில் சுற்றிய சாரி கார்டு. போல்ட்டுகள் தனியாக ஒரு டப்பாவில்.

ஒரு காலைப்பொழுதில் எல்லாவற்றையும் மாட்டினோம். ஆய்வு முடிந்த பிறகும் ஒரு வாரம் வண்டி அப்படியே இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை அவன் அம்மா நாலு வருஷத்துக்கு அப்புறம் அதில் ஏறி, இடது பக்கம் கால் தொங்கவிட்டு, அப்பா ஓட்ட, சின்ன காஞ்சிபுரம் வரதர் கோயிலுக்குப் போய்வந்தார். திங்கட்கிழமை நண்பன் மறுபடி நீள டேங்கை எடுத்து மாட்டினான். சாக்கு மூட்டை பரணுக்குப் போனது.