ஏழு நாள் நியமமும் ஓரிரவு வாசமும்

ஜப்பானில் யமனாஷி மாகாணத்து மலைகளுக்கு நடுவே நிஷியாமா கெயுன்கான் என்று ஒரு வெந்நீரூற்று விடுதி இருக்கிறது. கி.பி. 705-ஆம் ஆண்டில் அது ஸ்தாபிக்கப்பட்டது என்பது அவ்விடுதியாரின் ஐதிகம்; உலகத்திலேயே மிகப் பழைய விடுதி அதுவே என்று 2011-இல் கின்னஸ் ஸ்தாபனத்தாரும் ஒப்புக்கொண்டு பதிவு செய்துவிட்டார்கள். இத்தகைய கிராமாந்தர விடுதிகளுக்கு இன்று செல்கிறவர்களின் கிரமம் எல்லா இடங்களிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: பிற்பகலில் வந்து சேர்வது, யுகாதா என்னும் பருத்தி அங்கிக்கு மாறுவது, அதைக் களைந்துவிட்டு வெந்நீர்த் தொட்டியில் இறங்குவது, சின்னஞ்சிறு கிண்ணங்களில் ஒன்றன்பின் ஒன்றாக வரும் விருந்தை உண்பது, படுக்குமுன் ஒரு முழுக்கு, விடிந்ததும் ஒரு முழுக்கு, காலை ஆகாரம், கணக்குத் தீர்த்துவிட்டுப் புறப்பாடு. இந்த ஓரிரவு சுகவாசத்தைத்தான் ஜப்பானியரின் புராதன சம்பிரதாயம் என்று பிரயாண நூல்கள் வர்ணிக்கின்றன. விடுதி புராதனம், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஓரிரவு மட்டும் தங்கித் திரும்பும் பழக்கம் இருநூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன்னால்தான், அதுவும் ஒரு வழக்கில் ஜெயித்த பிறகே, ஒழுங்கான அங்கீகாரம் பெற்றது.

கோபே நகரைச் சேர்ந்த அரிமா என்னும் ஊற்றுக்கு ஜோமெய் சக்கரவர்த்தி 631-ஆம் ஆண்டில் விஜயம் செய்து மூன்று மாத காலம் தங்கியிருந்தார் என்று அந்நாட்டின் பழைய சரித்திர நூலாகிய நிஹோன் ஷோகி குறிக்கிறது. வெள்ளத்தால் பாழாகிப் பல்லாண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்த அதே அரிமாவை 1191-இல் நின்சாய் என்னும் பிக்ஷு புனருத்தாரணம் செய்தபோது, பௌத்தர்கள் வைத்தியத்துக்கு அதிதேவதையாகக் கொண்டாடும் பைஷஜ்ய குருவின் பரிவாரமான பன்னிரண்டு யக்ஷ சேனாபதிகளை நினைவில் கொண்டு, வருகிறவர்கள் தங்குவதற்குப் பன்னிரண்டு விடுதிகளை ஏற்படுத்தினார் என்பர். அவற்றின் வழிவந்ததாகச் சொல்லிக்கொள்ளும் கோஷோபோ என்னும் விடுதி இன்றும் அங்கே நடந்துவருகிறது. வெந்நீரூற்று உள்ள ஊர்களில் பைஷஜ்ய குருவின் ஆலயம் ஒன்று பெரும்பாலும் இருப்பதற்குக் காரணம் இதுவே: ஸ்நானம் சிகிச்சை, சிகிச்சை புண்ணியம், தங்குமிடம் மடத்தின் ஓர் அங்கம்.

தோகுகாவா வம்சத்து ஷோகுன்கள் என்னும் படைத்தலைவர்களின் ஆட்சியில், அதாவது பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து, ஸ்நான சிகிச்சையின் பொறுப்பு மெல்லமெல்லப் பிக்ஷுக்களிடமிருந்து வைத்தியர்களிடம் சென்றது. முதல் ஷோகுன் இயெயாசு 1604-இல் அதாமி ஊற்றில் ஏழு நாள் தங்கினார். பின்வந்தவர்கள் தாங்கள் போவதற்குப் பதிலாக அந்த நீரையே பீப்பாய்களில் அடைத்து, எதோ என்று அப்போது பெயர் வழங்கிய டோக்கியோவுக்குச் சுமந்துவரச் செய்தார்கள். (ராஜாங்கத்தார் எந்நாட்டிலும் ஒரே மாதிரிதான்.) கோதோ கோன்ஸான் என்னும் வைத்தியரும் அவருடைய சீடர் ககாவா ஷுவானும் ஊற்று நீர்களின் குணபேதங்களை ஆராய்ந்து, கினோசாகியின் நீரைச் சிலாகித்து எழுதினார்கள். தோஜி என்று வழங்கும் ஊற்றுச் சிகிச்சைக்கு ஏழு நாள் ஒரு சுற்று. மூன்று சுற்று, அதாவது இருபத்தொரு நாள், பூரண சிகிச்சை. முதல் நாட்களில் முழுக்கின் எண்ணிக்கை குறைவாகவும், நடுவில் மிகுதியாகவும், முடிவில் மீண்டும் குறைவாகவும் இருக்கவேண்டும். மூன்றாம் நாள் நான்காம் நாளில் உடல் சோர்ந்து பசி மந்தமானால் அது நீர் வேலை செய்வதன் அடையாளம் என்று சொல்லி, ஒரு நாள் ஓய்ந்திருக்கச் செய்வார்கள்.

இந்த நியமத்தின் கடுமை முழுமையாக விளங்கிய இடம் குன்மா மாகாணத்துக் குஸாத்ஸுதான். மல்யுத்த வீரர்களின் தரவரிசைப் பட்டியலைப் பின்பற்றி ஊற்றுகளுக்கும் பட்டியல் அச்சிட்டு விற்ற அக்காலத்தில், கிழக்குப் பக்கத்தின் தலைவரிசை குஸாத்ஸுவுக்கும் மேற்குப் பக்கத்தினது அரிமாவுக்கும் உரியனவாக இருந்தன. குஸாத்ஸுவின் நீர் கந்தகமும் அமிலமும் மிகுந்தது. இரும்பாணியைப் போட்டுவைத்தால் சில நாட்களில் அரித்துத் தின்றுவிடும். உஷ்ணமோ கால் வைக்க முடியாதபடி இருக்கும். பச்சைத் தண்ணீர் கலந்தால் மருந்தின் வீரியம் போய்விடுமென்று, ஓர் ஆள் நீளத்துக்கு மேற்பட்ட பலகைகளைத் தொட்டியில் செலுத்தி, பாட்டுப் பாடிக்கொண்டே இடமும் வலமுமாகப் புரட்டிப் புரட்டி நீரை ஆற்றுவார்கள். பிறகு தலையில் பலமுறை நீர் மொண்டு ஊற்றிக்கொண்டு, ஸ்நானத் தலைவர் கட்டளையிட்டதும் எல்லோரும் ஒருங்கே இறங்கவேண்டியிருந்தது. ஏறக்குறைய 48 டிகிரி உஷ்ணத்தில் மூன்று நிமிஷம் அசையாமல் உட்கார்ந்திருக்கவேண்டியிருந்தது. அசைந்தால் பக்கத்தில் இருப்பவருக்கும் சேர்த்துச் சுடும். தலைவர் இன்னும் இவ்வளவு நேரம் என்று அவ்வப்போது உரக்கச் சொல்ல, உள்ளே இருப்பவர்கள் ஒரே குரலில் பதில் கொடுத்துத் தைரியப்படுத்திக்கொள்வார்கள். இப்படி நாளைக்கு நான்கு முறை. 1876-இல் ஜப்பானுக்கு வந்த ஜெர்மானிய வைத்தியர் எர்வின் பெல்ஸ் குஸாத்ஸுவின் பெருமையை மேல்நாட்டாருக்கு எடுத்துரைத்தார். விச்ராந்தி என்று நாம் நினைப்பதற்கும் இந்த ஸ்நானத்துக்கும் வெகுதூரம்.

அந்த ஊரின் சரித்திரத்தில் விளம்பரப் பிரசுரங்கள் அதிகமாகப் பேசாத பகுதியும் ஒன்று உண்டு. குஷ்டரோகிகள் அந்த அமில நீரை நம்பி நாடெங்கிலுமிருந்து அங்கே வந்து சேர்ந்தார்கள். 1887-இல் அவர்களை ஊரின் ஒரு பக்கமாக ஒதுக்கி யுனோஸாவா என்ற தனிச்சேரியை உண்டாக்கினார்கள்; ஒதுக்கப்பட்டவர்களாயினும் அங்கே அவர்கள் சொந்த வீடும் தொழிலும் குடும்பமுமாக வாழ்ந்தார்கள். 1932-இல் அருகிலேயே அரசாங்க ஆசிரமம் ஒன்று கட்டப்பட்டபின், 1941-இல் அந்தச் சேரி கலைக்கப்பட்டது. ஆசிரமத்தின் தண்டனைக் கொட்டடியில் 1938 முதல் 1947 வரை அடைக்கப்பட்டவர்கள் 93 பேர். அவர்களில் 23 பேர் மாண்டார்கள். நோயாளிகள் தாமே நாடி வந்த நீரின் கரையிலேயே இது நடந்தது என்பதுதான் பொறுக்க முடியாதது.

வைத்தியரும் பிரபுக்களும் ஒருபுறம் இருக்க, இந்த வழக்கத்தை உயிரோடு காத்தவர்கள் குடியானவர்கள். ஊர்விட்டு ஊர் போக அநுமதிச் சீட்டும், வழியில் சோதனைச் சாவடியும் இருந்த அந்தக் காலத்தில், சாமானிய ஜனங்கள் தேசாந்தரம் போவதற்கு அதிகாரிகள் தடை சொல்லாத முகாந்தரங்கள் இரண்டு: க்ஷேத்திர யாத்திரை, ஊற்றுச் சிகிச்சை. நடவு முடிந்தபின்னும் அறுப்பு முடிந்தபின்னும் அரிசி, மிஸோ என்னும் சோயா விழுது, ஊறுகாய் ஆகியவற்றைக் கட்டி எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு மலையேறுவார்கள். விடுதிக்காரர் கொடுப்பது கூரை, அடுப்பு, வாடகைக்குப் பாத்திரமும் படுக்கையும். சமையல் அவரவர் கைப்பாடு. அடுத்த அறைக்காரரின் குழம்பு நமக்கும் நம்முடைய கீரை அவருக்குமாகக் கைமாறி, ஆண்டுதோறும் அதே வாரத்தில் சந்திக்கும் சிநேகங்கள் இப்படியே வளர்ந்தன.

இனி அந்த வழக்கு. எதோவையும் கியோட்டோவையும் இணைத்த தோகாய்தோ ராஜபாட்டையில், வழிப்போக்கர்களை இராத் தங்கவைக்கும் உரிமை நியமிக்கப்பட்ட தங்கல் ஊர்களுக்கே உரியது. உத்தியோகஸ்தர்களுக்கு ஆளும் குதிரையும் கொடுக்கவேண்டிய கடமையை அவ்வூர்கள் சுமந்ததற்கு அது பிரதியுபகாரம். அவற்றுள் ஒதாவாரா, ஹகோனே என்னும் இரண்டுக்கும் இடைப்பட்டது யுமோதோ வெந்நீரூற்று. ஏழு நாள் நியமமெல்லாம் வேண்டாம், ஒரே ஓர் இரவு குளித்துவிட்டுப் போகிறோம் என்று பிரயாணிகள் யுமோதோவில் ஒதுங்கத் தொடங்கவே, தங்கல் ஊரார் வயிறெரிந்து 1805-இல் அதிகாரிகளிடம் முறையிட்டார்கள். ஓரிரவானாலும் சிகிச்சை சிகிச்சைதான் என்று யுமோதோவார் வாதித்தார்கள். தீர்ப்பும் அவர்களுக்கே அநுகூலமாயிற்று. நோயற்றவன் உல்லாசமாக ஓரிரவு கழிப்பதற்குச் சட்டத்தின் வாசல் திறந்தது அன்றைக்குத்தான். என் அபிப்பிராயத்தில், பின்னால் வந்த ரெயில் பாதைகளும், உத்தியோகஸ்தர்களைக் கூட்டங்கூட்டமாக அழைத்துவந்த கம்பெனி உல்லாசப் பயணங்களும், அவர்களுக்கென்று எழுந்த பெரிய ஹோட்டல்களும் அந்த வாசல் வழியே நுழைந்தவையே.

1948-இல் இயற்றிய ஊற்றுச் சட்டப்படி, ஓர் ஊற்று வெந்நீரூற்று என்று பெயர்பெற, அதன் நீர் பூமியிலிருந்து வெளிப்படும்போது 25 டிகிரியாவது உஷ்ணம் இருக்கவேண்டும், அல்லது குறிப்பிட்ட 19 பொருள்களில் ஒன்றேனும் வேண்டிய அளவில் கலந்திருக்கவேண்டும். நீரின் அம்சங்களையும், யார் யார் குளிக்கலாகாது என்பதையும் எழுதிக் குளியலிடத்தில் மாட்டியிருக்கவேண்டும். விருந்தும் அலங்காரமும் எவ்வளவு வந்தாலும் வைத்தியரின் சீட்டு இன்றும் அங்கே தொங்குகிறது. வடபகுதியாகிய தோஹோகுவில், அவொமோரியின் ஸுகாயு போன்ற விடுதிகளில், தாமே சமைத்துக்கொண்டு பல நாள் தங்குகிறவர்களுக்கான பகுதி இன்னும் இருக்கிறது. ஆகவே ஜப்பானுக்குப் போக எண்ணும் நம்மவர்கள் ஊருக்கோர் இரவாக ஓடாமல், இப்படிப்பட்ட ஒரு விடுதியில் மூன்று நாளாவது தங்கவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். உள்ளூர்க் கடையில் அரிசியும் காய்கறியும் வாங்கிப் பொங்கிக்கொள்ளலாம். மீன் சாறு கலக்காத பண்டம் கிடைப்பதே அரிதான அந்நாட்டில், சைவ போஜனக்காரர்களுக்கு அதைவிடச் சௌகரியமான ஏற்பாடு வேறில்லை.