மீள்நிரப்பிய தோட்டாக் கோதுகளால் நேரும் துவக்குக் கோளாறுகள்: மலையகச் சூழல்

ஒருமுறை சுட்ட தோட்டாவின் வெற்றுக் கோதில் புதிய எரியூட்டிக் கேப்பும் வெடிமருந்தும் ரவையும் இட்டு மறுபடி பயன்படுத்துவது மீள்நிரப்பல் எனப்படும். அக்கோது விரிந்தோ வெடித்தோ அரிக்கப்பட்டோ இருக்குமாயின், தோட்டா அறைக்குள் இறுகுவது முதல் குழலின் அடிப்பகுதி சிதறுவது வரை பலவகைக் கோளாறுகள் விளையும். சுடும் கணத்தில் 12 போர் வேட்டைத் துவக்கின் அறையில் பல நூறு பார் அழுத்தமும், ரைபிளில் அதனிலும் பன்மடங்கும் எழுகின்றன. கோதின் மெல்லிய சுவர் விரிந்து அறைச்சுவரோடு ஒட்டிக்கொள்வதாலேயே அந்த வெப்பவாயு சுடுபவரின் முகத்தை நோக்கிப் பின்வராமல் தடுக்கப்படுகிறது. அழுத்தம் தணிந்ததும் கோது சற்றே சுருங்குவதால்தான் அதை வெளியே இழுக்கவும் முடிகிறது.

1848இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் யானையை வேட்டையாடியது குழல்வாய் வழியே மருந்து இடிக்கும் துவக்குகளால் ஆகையால், கோதுச் சிக்கல் அவர் காலத்துக்குரியதன்று. 1860களில் பின்புறம் திறந்து தோட்டா இடும் துவக்குகள் பரவிய பின்னர், பிரித்தானியப் பேரரசெங்கும் வேட்டைக்காரர்கள் சிறு கைக்கருவிகளால் தாமே கோதுகளை நிரப்பிக்கொள்வது வழக்கமாயிற்று. ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரத்தில் பனிமூட்டம் சூழ்ந்த நுவரெலியாவும், மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழையை நேரே வாங்கும் ஹட்டன் பக்கச் சரிவுகளும் அக்காலத் தோட்டாக்களின் தாளாலான கோதுக்கு உகந்த இடங்கள் அல்ல: ஈரம் குடித்த தாள் ஊதி அறைக்குள் நுழைய மறுக்கும், வலிந்து நுழைத்தாலோ சுட்டபின் வெளிவராது. 1960இல் ரெமிங்டன் நிறுவனம் அறிமுகப்படுத்திய பிளாஸ்டிக் கோது ஈரத்தில் ஊதுவதில்லை. ஆயினும் மீண்டும் மீண்டும் மடிக்கப்படும் அதன் வாய்விளிம்பு கீறுகிறது, பித்தளை பூசிய உருக்கு அடிப்பகுதி துருப்பிடிக்கிறது.

பித்தளைக் கோதின் குறைகள் கண்ணுக்கு எளிதில் அகப்படாதவை என்பதால் கூடுதல் ஆபத்தானவை. ஒவ்வொரு சுடுதலிலும் உலோகம் நீள்வதால், அடிக்குச் சற்று மேலே சுவர் மெலிந்து, வெளியே ஒளிரும் மெல்லிய வளையமாகத் தெரியும்; அதைக் கவனியாது நிரப்பிய கோது அடுத்த சுடுதலில் இரண்டாகப் பிரிந்து, முன்பாதி அறையிலேயே தங்கிவிடும். பழைய கேப்புகளில் இருந்த பாதரசமும் பித்தளைக்குள் ஊறி அதை நொறுங்கும் தன்மையுடையதாக்கியது.

எல்லாவற்றினும் கருதத்தக்கது பருவ வெடிப்பு எனப்படும் குறை. பிரித்தானிய இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் சேமிக்கப்பட்ட தோட்டாக்கள் சுடப்படாமலே பிளந்தன. கோதை வடித்தெடுக்கும்போது உலோகத்தில் எஞ்சும் உள் இழுவிசையும், குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அமோனியாவும், ஈரமும் ஒன்றுகூடியதே அதற்குக் காரணம் என்று 1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகியோர் விளக்கினர். கோதுப் பித்தளை ஏறத்தாழ 70 விழுக்காடு செம்பும் 30 விழுக்காடு துத்தநாகமும் கொண்டது; அக்கலவை அமோனியாவுக்கு எளிதில் இரையாவது. தேயிலைத் தோட்டங்களில் ஈரம் பட்டு அமோனியா விடும் யூரியா உரமும் மாட்டுப்பட்டிகளும் உள்ளமையால், உரக்கிடங்கிலோ பட்டியை ஒட்டிய அறையிலோ கோதுகளை வைப்பது அதே நிலையைத் தானே உருவாக்கிக்கொள்வதாகும். அதனால் உண்டாகி நீள்வாக்கில் ஓடும் மயிரிழைக் கீறல் நிரப்பியபின் அழுக்கினடியில் மறைந்துபோகும்.

ஈரம் ஏறிய மருந்தினால் வேறொரு வகைக் கோளாறும் உண்டு. கேப்பின் இருப்பிடம் தளர்ந்து, கசிந்த ஈரத்தால் மருந்து அரைகுறையாக எரிந்தால், வழக்கமான முழக்கத்துக்குப் பதிலாக மந்தமான ஒலியே எழும். ரவையோ அடைப்புத் தக்கையோ குழலின் நடுவில் நின்றுவிடும். அந்த ஒலியைப் பொருட்படுத்தாமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் வீங்கும் அல்லது பிளக்கும். விசையை இழுத்தும் வெடிக்காத தோட்டா சில நொடிகள் தாமதித்து வெடிக்கக்கூடுமாதலால், குழலைப் பாதுகாப்பான திசையில் பிடித்தபடி அரை நிமிடமாவது காத்த பின்னரே துவக்கைத் திறக்க வேண்டும்.

இலங்கையில் துவக்கு வைத்திருப்பதை 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச்சட்டமும், வெடிமருந்தைக் கையாளுவதை 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டமும் ஒழுங்குபடுத்துகின்றன. காட்டுப்பன்றியிடமிருந்து பயிர் காக்க உரிமம் பெற்ற துவக்கை வைத்திருப்பவர் வீட்டில் தோட்டா நிரப்ப எண்ணினால், துவக்குக்குரிய உரிமம் மட்டும் அதற்குப் போதாது.