சனிக்கிழமை காலை டிவி: பிரிட்டன் குழந்தைகளின் நிகழ்ச்சி ஏன் காணாமல் போனது?

வீட்டில் சும்மா கிடக்கும் பொருளைத் தள்ளிவிட உங்களுக்கு இன்னைக்கு ஓஎல்எக்ஸ் இருக்கிறது. அது வருவதற்கு 30 ஆண்டுகளுக்கு முன்பு, பிரிட்டன் குழந்தைகளுக்கு அந்த வேலையைச் செய்தது ஒரு டிவி நிகழ்ச்சி.

அது என்ன நிகழ்ச்சி?

‘மல்ட்டி-கலர்டு ஸ்வாப் ஷாப்’. 1976 அக்டோபர் 2 அன்று பிபிசி 1-ல் தொடங்கி, 1982 மார்ச் வரை சனிக்கிழமை காலைகளில் நேரலையாக ஓடியது. தொகுப்பாளர் நோயல் எட்மண்ட்ஸ். குழந்தைகள் 01-811 8055-க்கு போன் போட்டு, தங்களிடம் என்ன பொம்மை இருக்கிறது, பதிலுக்கு என்ன வேண்டும் என்று சொல்வார்கள். கீத் செக்வின் ஊர் ஊராகப் போய், திறந்தவெளியில் பண்டமாற்றுச் சந்தையே நடத்துவார். நடுநடுவே கார்ட்டூன், பாப் பாடகர்கள் எல்லாம் உண்டு.

ஐடிவி-யில் இதற்குப் போட்டியாக இருந்தது ‘டிஸ்வாஸ்’. முகத்தில் கஸ்டர்டை அப்புவதும் தலையில் தண்ணீரைக் கொட்டுவதும்தான் அதன் அடையாளம்.

இதில் என்ன பெரிய விஷயம்?

வழக்கமாக டிவி பேசும், குழந்தை கேட்கும். இங்கே குழந்தை பேசியது, நாடே கேட்டது. ஸ்வாப் ஷாப்புக்குப் பின் வந்த ‘சாட்டர்டே சூப்பர்ஸ்டோர்’ நிகழ்ச்சிக்கு 1987-ல் பிரதமர் மார்கரெட் தாட்சரே வந்தார். அணு ஆயுதப் போர் வந்தால் நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்று போனில் ஒரு சிறுமி அவரிடம் கேட்டுவிட்டாள்.

பிறகு ஏன் நின்றது?

ஒன்று, சேனல்கள் பிரிந்தன. 2002-ல் குழந்தைகளுக்கென்றே சிபிபிசி சேனல் வந்தது. 2006-ல் பிபிசி 1-ன் சனிக்கிழமை காலை, சமையல் நிகழ்ச்சிக்குப் போனது.

இரண்டு, விதி தளர்ந்தது. ஐடிவி போன்ற தனியார் சேனல்கள் குழந்தைகளுக்கு இத்தனை மணி நேரம் ஒதுக்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை 2003 தகவல்தொடர்புச் சட்டம் நீக்கியது.

மூன்று, பணம். குழந்தைகள் நிகழ்ச்சிகளின்போது கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த உணவுகளின் விளம்பரம் கூடாது என்று ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் 2006 நவம்பரில் அறிவித்தது. உரிமக் கட்டணத்தில் ஓடும் பிபிசிக்கு இதனால் பாதிப்பில்லை. விளம்பரத்தை நம்பிய ஐடிவிக்குத்தான் அடி. அது 2006-ல் தொடங்கிய சிஐடிவி சேனலும் 2023-ல் மூடப்பட்டது.

அப்படியானால் தடை தவறா?

இல்லை. குழந்தைகளின் உடல்நலத்துக்காக வந்த தடை அது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. விளம்பரப் பணம் போனால் நிகழ்ச்சிக்கு யார் செலவழிப்பது என்பதை யாரும் தீர்மானிக்கவில்லை. 2019-ல் அரசு ஒரு சோதனை நிதியைத் தொடங்கியது. மூன்றே ஆண்டுகளில், 2022-ல், அதுவும் முடிந்தது.

நொறுக்குத்தீனி விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் பேச்சு இந்தியாவில் எழும்போது, நீங்கள் இரண்டு கேள்விகள் கேட்கலாம். எதைத் தடுக்கிறோம்? தடுத்தபின், குழந்தைகள் பார்க்க நல்லதாக ஒன்றைத் தயாரிக்கும் செலவை யார் ஏற்கிறார்கள்? பிரிட்டன் முதல் கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொன்னது. இரண்டாவதைத் தள்ளிப்போட்டது.